ஸ்கிராட்ச்: எடிட்டரில் நகரும் எழுத்து முழுத்திரையில் அசையவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

நாலாம்வகுப்பு டீச்சர்:
வணக்கம். என் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஸ்கிராட்ச் 3-ல் (கட்டளைகளை பிளாக் பிளாக்காக அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) ஒரு விளையாட்டு செய்திருக்கிறேன். கீழே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று கூடை. மேலே 18 மெய்யெழுத்தும் சிதறிக் கிடக்கும். மவுஸால் பிடித்து இழுத்து அதனதன் கூடையில் போட வேண்டும். வீட்டில் லேப்டாப்பில் நன்றாக நகர்ந்தது. நேற்று வகுப்பில் புரொஜெக்டரில் முழுத்திரையாகப் போட்டால் ஒரு எழுத்துகூட அசையவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து இழுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள், மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. வேறு மவுஸ் மாட்டினேன், அதிலும் அப்படித்தான். நாளை மறுநாள் மறுபடி அதே பாடவேளை.

கோடுகாரன்:
டீச்சர், முழுத்திரையிலிருந்து வெளியே வந்து, எடிட்டரில் (விளையாட்டை உருவாக்கும் திரையில்) இருக்கும் சின்ன ஸ்டேஜில், அதாவது விளையாட்டு ஓடும் கட்டத்தில், இழுத்தால் நகர்கிறதா?

நாலாம்வகுப்பு டீச்சர்:
ஆமாம் சார், அங்கே நகர்கிறது.

மாலைநேரம்:
ஒவ்வொரு எழுத்துக்கும் ஃபாரெவர் (உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்) போட்டு, அதற்குள் "மவுஸ் பாயின்டரைத் தொட்டு, மவுஸும் அழுத்தியிருந்தால் கோ டு மவுஸ் பாயின்டர் (பாயின்டர் இருக்கும் இடத்துக்குப் போ)" என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

கோடுகாரன்:
ஒரே ஒரு பொருள் என்றால் அது போதும். 18 எழுத்துக்கு வேண்டாம். க்-ஐ இழுத்துக்கொண்டு போகும் வழியில் ங் கிடந்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். பிள்ளைகள் வேகமாக இழுத்தால் பாயின்டர் முன்னால் ஓடி, எழுத்து பாதியில் நின்றுவிடும்.

டீச்சர், உங்கள் மவுஸில் ஒரு குறையும் இல்லை. எடிட்டரில் நாம் படங்களை இடம் மாற்றி அடுக்க வசதியாக, எந்த ஸ்பிரைட்டையும் (திரையில் உள்ள ஒவ்வொரு படப்பொருளும் ஒரு ஸ்பிரைட்) இழுக்க விடுவார்கள். முழுத்திரையில் அந்தச் சலுகை கிடையாது. விளையாடுகிறவர் கை பட்டுப் பின்னணி மரமும் வீடும் நகர்ந்துவிடக்கூடாதே! எதை இழுக்கலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். வெளிர்நீல சென்சிங் பிளாக்குகளில் "செட் டிராக் மோட் டிராகபிள்" (இழுக்கலாம் என்று ஆக்கு) என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு எழுத்திலும், விளையாட்டைத் தொடங்கும் பச்சைக்கொடி பிளாக்குக்குக் கீழே அதை மாட்டுங்கள். கூடைகளுக்குப் போடாதீர்கள்.

நாலாம்வகுப்பு டீச்சர்:
நகர்கிறது சார்! முழுத்திரையில் 18-ம் நகர்கிறது, ரொம்ப நன்றி. இன்னும் ஒரே ஒரு சிக்கல். சரியான கூடையில் விட்டதும் மதிப்பெண் ஏற வேண்டும் என்று, "இந்த ஸ்பிரைட்டைக் கிளிக் செய்தால்" என்பதற்குக் கீழே எழுதினேன். கூடையில் கொண்டுபோய் விட்டால் ஏறவில்லை. விட்ட பிறகு அதன்மேல் இன்னொரு கிளிக் செய்தால்தான் ஏறுகிறது.

கோடுகாரன்:
அதன் இயல்பு அப்படி. டிராகபிள் ஆக்கிய ஸ்பிரைட்டில் அந்தப் பிளாக், அழுத்தும்போது வேலை செய்யாது, விரலை எடுக்கும்போதுதான் செய்யும். அதுவும் இழுத்துவிட்டு எடுத்தால் கிளிக் என்றே கணக்கில் வராது. அதனால் கிளிக்கை விட்டுவிட்டுக் கொடிக்குக் கீழேயே எழுதுங்கள். டிராகபிள் போட்ட பிறகு ஒரு ஃபாரெவர், அதற்குள்:

மவுஸ் பாயின்டரைத் தொட்டு, மவுஸும் அழுத்தும் வரை வெயிட் அன்டில் (அது நடக்கும் வரை காத்திருக்கும் பிளாக்).
மவுஸ் அழுத்தல் இல்லை என்றாகும் வரை இன்னொரு வெயிட் அன்டில்.
0.1 செகண்ட் வெயிட்.
சரியான கூடையைத் தொட்டிருந்தால் மதிப்பெண் 1 கூட்டி, "ஸ்டாப் திஸ் ஸ்கிரிப்ட்" (இந்தக் கட்டளைத் தொடரை நிறுத்து). இல்லையென்றால் எழுத்து முதலில் இருந்த எக்ஸ், ஒய் இடத்துக்கே கோ டு.

அந்த 0.1-ஐ விட்டுவிடாதீர்கள். இழுபடும் ஸ்பிரைட், கோ டு போன்ற மோஷன் (நகர்த்தும்) பிளாக் எதையும் காதில் வாங்காது. கையை விட்ட அதே நொடியில் கோ டு வந்தால் சில சமயம் எழுத்து அங்கேயே நின்றுவிடும். ஸ்டாப் எதற்கென்றால், கூடைக்குள் போன எழுத்தை மறுபடி தொட்டுத் தொட்டு மதிப்பெண் ஏற்றக்கூடாது.

மாலைநேரம்:
இந்த முறை எனக்கும் புதிது, என் பழைய விளையாட்டுகளையும் மாற்றப்போகிறேன். டீச்சர், ஒன்று கவனித்தீர்களா? எழுத்தை வெறும் கோடாக வரைந்திருந்தால் ட்-இன் நடுவே உள்ள வெற்றிடத்தில் அழுத்தினால் பிடிபடாது. நிறம் உள்ள இடம் மட்டும்தான் ஸ்கிராட்சுக்கு எழுத்து. சின்னப் பிள்ளைகள் நடுவில்தான் அழுத்துவார்கள்.

நாலாம்வகுப்பு டீச்சர்:
அதேதான் நடந்தது! ர், ட் இரண்டும் வரவில்லை என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டே இருந்தான், எனக்குக் காரணம் பிடிபடவில்லை. இப்போது காஸ்ட்யூமில் (ஸ்பிரைட்டின் படத்தில்) ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் மஞ்சள் நிறத்தில் நிரப்பிய ஒரு கட்டம் வைத்துவிட்டேன், பார்க்க அட்டை மாதிரி இருக்கிறது. கட்டத்தில் எங்கே அழுத்தினாலும் பிடிக்கிறது. 18 எழுத்தையும் முழுத்திரையில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். தப்பான கூடையில் விட்ட ழ் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. அந்தப் பையனைத்தான் முதலில் கூப்பிடப்போகிறேன்.