யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக்கு ஸ்கொட்லாந்து மருந்து சரிவருமா?

ஒழுங்கைக்காரன்:
ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ ஒரு காலத்தில் கத்திக்குத்துக்குப் பேர்போன நகரம். 2005இல் அங்கத்தைய பொலிஸ், வன்முறையைத் தொற்றுநோய் மாதிரிப் பார்க்கத் தனிப் பிரிவு தொடங்கியது. 2008இல் குழுப் பெடியளை நீதிமன்றக் கட்டடத்துக்கே கூப்பிட்டு இருத்தினார்கள். வழக்கு ஒன்றுமில்லை. காயம் தைக்கிற சத்திரசிகிச்சை வைத்தியர் பேசினார், வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய் பேசினார். கத்தியை விட்டால் படிப்பு, வேலைக்கு உதவி. விடாவிட்டால் முழுக் குழுவுக்கும் பொலிஸ். இதுவும் இரவல்தான், அமெரிக்காவின் பொஸ்டனில் 1996இல் செய்து பார்த்தது. யாழ்ப்பாணத்தில் ஏன் முடியாது?

கொக்குவில் சைக்கிள்:
தம்பி, எங்கள் தகரப் படலையில் வாள் விழுந்த நாலு கோடு இருக்கிறது, பெயின்ற் அடித்தும் மறையவில்லை. வீடு மாறி வந்தவங்களாம்! பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். ஸ்கொட்லாந்துக்காரனுக்கு இந்தக் கரைச்சல் இருந்ததா? ஜப்பானில் 'கோபான்' என்று சின்னச் சின்னக் காவலறைகள். அங்கே இருக்கிற பொலிஸ்காரர் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பழகி வைத்திருப்பார். இங்கே பொலிஸ் ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பினால் பக்கத்து வீட்டில் லைற் அணையும்.

முற்றத்து வேம்பு:
பொலிஸை விடுங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழமையைப் பின்பற்றி அங்கே 1989இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பிழை செய்த சிறுவனின் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் கூடியிருந்து பேசி முடிவெடுப்பது. எங்களிடமும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபை இருக்கிறதே.

கொக்குவில் சைக்கிள்:
வேலிச் சண்டை வேறு, வாள் வேறு அக்கா. ஜோன் பிரெய்த்வெயிட் என்ற அவுஸ்திரேலிய அறிஞர் 1989இல் எழுதினார்: பிழை செய்தவனை வெட்கப்பட வை, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள். நாங்கள் எங்கே சேர்க்கிறோம்? 19 வயதில் பிடிபட்டவனின் தங்கச்சிக்குப் பத்து வருசம் கழித்துக் கலியாணம் பேசினாலும் 'அந்த வாள்வெட்டுக்காரன்ர தங்கச்சிதானே' என்றுதான் கதை தொடங்கும்.

ஒழுங்கைக்காரன்:
அண்ணை, அதனால்தானே ஒப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன். அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. வெட்டச் சொல்லி வெளிநாட்டில் இருந்து காசு வந்ததாக எத்தனை தடவை பேப்பரில் வாசித்துவிட்டோம். அதை யாழ்ப்பாணத்துக்குள் மட்டும் நின்று எப்படி விளங்கிக்கொள்வது?

முற்றத்து வேம்பு:
சரி, படியுங்கள். அண்ணை, ஒரு கேள்வி: உங்கள் படலையில் வாள் போட்ட பெடியனின் தாயோடு ஒரே மேசையில் இருக்கக் கூப்பிட்டால் வருவீங்களா?

கொக்குவில் சைக்கிள்:
தாய் வந்தால் வருவன். பெடியனும் வருவதென்றால் வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுக்கு முதல், பேசுகிறதை எந்தப் பாஷையில் எழுதப்போகிறார்கள் என்று சொல்லுங்கள்.