கல்லீரல் கட்டி ஆபரேஷன்: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா? உங்கள் வீட்டில் எப்படி?

அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோபியில் முடியுமா, இல்லை வயிற்றைக் கிழிக்கணுமா? சர்ஜன் சி.டி. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துத்தான் பார்ப்பார்களாம், அப்பாவுக்குக் கட்டி ஆறாவது பகுதியில், கீழ் ஓரத்தில். கேமராவும் கருவியும் சுலபமாகப் போய்ச் சேருகிற இடம், துளை வழியாகவே எடுத்துவிடலாம், இதே கட்டி ஏழிலோ எட்டிலோ மேலே உதரவிதானத்தை ஒட்டி இருந்தால் யோசிப்பேன் என்றார்.

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பல வருஷமாக உண்டு, கல்லீரல் சுருங்கவும் ஆரம்பித்திருந்தது. அதனால் எவ்வளவு வெட்டுவோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பற்றித்தான் டாக்டர் அதிகம் பேசினார். நல்ல கல்லீரல் என்றால் 30% மிஞ்சினாலும் சமாளிக்கும், இப்படிச் சுருங்கி இறுகிப்போகிற சிரோசிஸ் இருந்தால் 40 சதவீதமாவது வேண்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், தழும்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அப்புறம்.

அவ்வளவு பெரிய துண்டு துளை வழியாக எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு: உள்ளேயே ஒரு பையில் போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் தையல் வருகிற இடத்தில் கீறி எடுத்தார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கிறது என்றார், உள்ளே ஏற்றுகிற வாயுவால் அப்படி வருமாம், தானாகச் சரியாகிவிட்டது.

பதில்:
எங்கள் பெரியம்மாவுக்கு நீங்கள் சொன்ன அந்த எட்டாவது பகுதியேதான், அதுவும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி. ஓப்பன் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தை 15 நிமிடம் இறுக்கிப் பிடித்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி பிடித்து வெட்டுவார்களாம், 1908-இல் பிரிங்கிள் என்ற சர்ஜன் எழுதிய முறை, இன்றைக்கும் அதுதான் கை கொடுக்கிறது. விலாவுக்குக் கீழே வளைந்த நீளத் தையல். இருமும்போதெல்லாம் ஒரு தலையணையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொள்வார், மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்தை மேலே தூக்குகிற நுரையீரல் பயிற்சிக் கருவியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். நடுவில், வயிற்றிலிருந்து குழாய் வழியாக வடிவது சேருகிற ட்ரெயின் பையில் பச்சையாகப் பித்தம் வர ஆரம்பித்து எல்லோரும் பயந்துபோனோம். திரும்ப ஆபரேஷன் இல்லாமலே கசிவு நின்றது, ஆனால் வீட்டுக்கு அனுப்பத் தாமதமாகிவிட்டது. "லேப்ராஸ்கோபி தெரியாத டாக்டர்கிட்ட போயிட்டீங்க" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னதில்தான் எனக்கு ரொம்பக் கோபம். கட்டி முழுசாக, வெட்டிய ஓரத்தில் புற்று இல்லாமல் சுத்தமாக வந்திருக்கிறது என்று பயாப்ஸி ரிப்போர்ட் சொல்கிறது, எங்களுக்கு அது போதும்.

பதில்:
என் வீட்டுக்காரருக்கு லேப்ராஸ்கோபியில்தான் ஆரம்பித்தார்கள், ரத்தக்கசிவு நிற்காததால் பாதியில் ஓப்பனுக்கு மாற்றினார்கள். தேவைப்பட்டால் திறப்போம் என்று கையெழுத்து வாங்கும்போதே டாக்டர் உட்காரவைத்து விளக்கியிருந்தார், அதனால் வெளியே வந்து சொன்னபோது நாங்கள் பதறவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எந்த வழியில் எடுத்தாலும் கட்டி திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது என்பதால் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கல்லீரல் புற்றுநோய்க்குப் பார்க்கிற ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் எடுத்ததில் ஒன்றும் இல்லை.