கொடுப்பனவு, நட்டஈடு என்று மெடிக்கலுக்கு (வைத்தியப் பரிசோதனைக்கு) போனவர்கள் சொல்லுங்கள்: டொக்டர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சொல்வழி கேட்பதில்லை. அங்கவீனக் கொடுப்பனவுக்கு எழுதிப் போடுங்கள் என்று எங்கள் ஜிஎஸ் (கிராம சேவகர்) சொன்னார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருவது, 2025 ஏப்ரலில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்களே, அதுதான். படிவம் நிரப்பியது, ஜிஎஸ்ஸின் கையெழுத்து, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்தது, இதெல்லாம் பெரிய கரைச்சல் இல்லை. அரச வைத்தியரின் சான்று எடுக்கப் போன அன்றுதான் கூத்து.

காலையிலேயே அம்மா கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையை எடுக்கச் சொல்லிவிட்டார். தலை இழுத்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து ஓட்டோவில் ஏறினார். சேலை கட்டிவிட்டது நான், தலை இழுத்துவிட்டது நான், மூன்றாம் மாடியிலிருந்து கதிரையோடு தூக்கி இறக்கியது நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும். டொக்டருக்கு இதில் எது தெரியும்? அவர் கண்டது சிரித்த முகத்தோடு துப்புரவாக உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவை. “உங்கட வேலை எல்லாம் நீங்களே செய்வீங்களா?” என்று கேட்டார். “ஓம் டொக்டர், கடவுள் புண்ணியத்தில பரவாயில்லை, செய்துகொள்ளுவன்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, நேற்று உங்களைக் குளிக்க வார்த்தது ஆர்?” என்று அங்கேயே கேட்டுவிட்டேன். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது, இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவும் இல்லை. ஆனால் டொக்டர் பேனையை வைத்துவிட்டு, சரி, இனி நீங்கள் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினார். கழிவறைக்குப் போவது, சோறு பிசைவது, இரவில் புரண்டு படுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக எழுதினார்.

சுகம் விசாரிக்க வரும் சொந்தக்காரருக்குச் சொல்கிற பதிலையே நம் ஆட்கள் டொக்டருக்கும் சொல்கிறார்கள். சொந்தக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார், டொக்டர் அதை அப்படியே படிவத்தில் எழுதிவிடுவார். வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

கொழும்பு 13:
நடந்ததாவது! என் தம்பி புறக்கோட்டையில் நாட்டாமி வேலை, மூட்டை தூக்குவது. லொறியிலிருந்து சாமான் இறக்கும்போது வலது கை நசுங்கி, இரண்டு விரல் இப்போது மடங்காது. முதலாளி முதலில் “சின்னக் காயம்தான்” என்று ஒரு கடிதம் எழுதி அதில் கையெழுத்து வைக்கச் சொன்னார், நல்ல காலம் தம்பி வைக்கவில்லை. வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது, 2022இல் திருத்தி உச்சத்தொகையை 20 இலட்சம் ஆக்கினார்கள், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். நாட்டாமிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள்.

அங்கேயும் எல்லாம் டொக்டர் போடும் வீதத்தில்தான் நிற்கிறது, உழைக்கும் சக்தி எவ்வளவு போனது என்று. தம்பியிடம் ஒரு பாரத்தைத் தூக்கச் சொன்னார். இவன் வீம்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினான், ஆம்பிளைப் பிள்ளை அல்லவா. அன்றிரவு கை வீங்கி விடியும்வரை நித்திரை இல்லை, அதை யார் போய் டொக்டருக்குச் சொல்வது? அடுத்த முறை நானும் கூடப் போனேன். ஒருதரம் தூக்குவான் டொக்டர், அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்கக் கோப்பைகூடப் பிடிக்க ஏலாது, நாட்டாமிக்கு ஒரு லொறியில் எத்தனை மூட்டை வரும் என்று நினைக்கிறீங்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் விரல்களை மடக்கி நீட்டி வடிவாகப் பார்த்தார்.

பெயர் வேண்டாம்:
உங்கள் இரண்டு பேரின் கதையிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாவது இருக்கிறது. என் மகனுக்கு மனநோய். குளிசை ஒழுங்காகப் போட்டால் டொக்டருக்கு முன்னால் பத்து நிமிடம் மரியாதையாக இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வருவான். “பார்க்க நல்லாத்தானே இருக்கிறார், ஒரு வேலையில் சேர்த்துவிடலாமே” என்று ஒரு கந்தோரில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அங்கொடை மனநல ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே சனம் ஒதுங்கும் என்பதற்காகப் பல காலம் கிளினிக் துண்டுகளையே வெளியில் காட்டாமல் வைத்திருந்த வீடு எங்களுடையது, அதை எல்லாம் இங்கே விரித்தால் முடியாது.

பிறகு கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மிஸ் சொல்லித்தந்ததைச் செய்தேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, தினமும் படுக்கப் போகும்முன் நாலு வரி எழுதினேன். இன்று குளிக்கவில்லை, நான் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டான், அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்து போய்விட்டான், கடைக்கு அனுப்பினேன் பாதி வழியில் திரும்பி வந்தான். நல்ல நாளையும் எழுதினேன், இல்லாவிட்டால் யார் நம்புவார்கள். அந்தக் கொப்பியை டொக்டர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார், மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் என்னோடு கதைத்தார். மகனுக்கு முன்னால் இதையெல்லாம் சொல்ல வேண்டி வந்திருந்தால் என் வாயிலிருந்து ஒன்றும் வந்திருக்காது.

பம்பலப்பிட்டி அண்ணன்:
கொப்பி விசயம் பொன்னான விசயம். எங்கள் அக்கா லண்டனில். முதுகெலும்பு வருத்தம். அங்கே பிப் என்று ஒரு கொடுப்பனவு இருக்கிறது, 2013இல் டிஎல்ஏ என்ற பழைய அங்கவீனக் கொடுப்பனவுக்குப் பதிலாகக் கொண்டுவந்தார்கள், வருமானத்தைப் பார்ப்பதில்லை, உடம்பு என்ன செய்யும் என்ன செய்யாது என்று புள்ளி போடுவார்கள். எட்டுப் புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடின தொகை. அக்காவுக்குத் தொலைபேசியில்தான் விசாரணை. அதற்கு முதல் ஒரு கிழமையாக இரவிரவாக வாட்ஸ்அப்பில் நான் கேள்வி கேட்க அவர் பதில் சொல்லிப் பழகினார், எங்களுக்கு நித்திரை போனதுதான் மிச்சம்.

அங்கே “செய்ய முடியுமா” என்பதோடு விடுவதில்லை. ஆபத்தில்லாமல் செய்ய முடியுமா, ஒழுங்காகச் செய்ய முடியுமா, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் செய்ய முடியுமா என்று நாலையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் விதி. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அது முடியாத கணக்குத்தான். நடையில் 20 மீற்றர் ஒரு எல்லை. அக்காவுக்கு அது எவ்வளவு என்று பிடிபடவில்லை, காலி வீதியில் இரண்டு இ.போ.ச. பஸ்ஸை ஒன்றின் பின்னால் ஒன்றாக நிறுத்தின நீளம் என்று சொன்னேன், “அய்யோ அதுக்குள்ள நான் ரெண்டு தரம் நிற்க வேணுமே” என்றார். அதைத்தான் அவர்களிடமும் சொல்லச் சொன்னேன். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். முடிவு பிழை என்று நினைத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அந்தத் திகதியைக் கோட்டை விடாதீர்கள்.

கொழும்பு 13க்கு: உங்கள் தம்பியைப் பார்க்கும் டொக்டர் லண்டனின் அந்த நாலு கேள்வி விதியால் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனால் நீங்கள் “ஒருதரம் தூக்குவான், பிறகு ஏலாது” என்று சொன்னீர்களே, அதுவும் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா என்கிற அதே கேள்விதான்.

மருதானை:
எல்லாம் சரி, ஆனால் கூட்டிச் சொல்லவும் போகாதீர்கள். எங்களுக்கு முன்னால் வரிசையில் இருந்த ஒருவர், விலைத் துண்டுகூடக் கழற்றாத புது ஊன்றுகோலோடு வந்திருந்தார். கதவைத் திறந்து நுழைவது, உட்கார்வது, ஃபைலைப் பையிலிருந்து எடுப்பது, எல்லாவற்றையும் டொக்டர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே கால் வருத்தமோ என்னவோ, இருந்தாலும் உள்ளே போனவர் சுருக்காக வெளியே வந்துவிட்டார். (ஊன்றுகோலை நல்ல கால் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள், அதை வைத்து நடிப்பு என்று சொல்லவும் கூடாது.)

டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் வருத்தத்தை எழுதித் தரும் அட்டை), கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி, போட்டோக்கொப்பி எடுத்து, ஒரிஜினலை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

வெள்ளவத்தை மகள்:
எல்லாருக்கும் நன்றி. கொப்பி இன்றைக்கே தொடங்குகிறேன், அம்மாவுக்குச் சொல்லாமல். இன்னொன்று, என் மாமாவுக்குச் சிறுநீரகம் பழுது, இனி வேலைக்குப் போக மாட்டார். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை 55 வயது வரும்வரை எடுக்க ஏலாதா?

கொழும்பு 13:
எடுக்கலாம். நிரந்தரமாகவே வேலை செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று இருந்தால் வயதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பம் தொழில் திணைக்களத்துக்கு, நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. போவதற்கு முன் மாமாவின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஈபிஎஃப் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், அப்பாவின் பெயரை ஒன்றில் இனிஷியலாகவும் மற்றதில் முழுதாகவும் போட்டிருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.