4கே எடிட்டிங்கில் கம்ப்யூட்டர் திணறுகிறது, சத்தமும் விலகுகிறது: முதலில் எதை மாற்றுவது?

வில்லுப்பாட்டு மருமகன்:
வணக்கம். என் மாமா திருநெல்வேலிப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறார். கொடை சீசனில் நானும் கூடவே போய்ப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவேன். படம் போனில், 4கே, நொடிக்கு 30 பிரேம், எச்.265 என்னும் சுருக்க முறையில். சத்தம் தனியாக ஒரு சின்ன ரெக்கார்டரில், 48 கிலோஹெர்ட்ஸ்.

கம்ப்யூட்டர் 2017இல் வாங்கியது. ஐ5-7400, எச்110 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் (ஒரே ஸ்டிக்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எடிட்டிங் கேடென்லைவ் என்ற மென்பொருளில்.

டைம்லைன் ஒரு நிமிடம் ஓடும், அப்புறம் திக்கித் திணறும். இரண்டாவது தொல்லை, சத்தம். தொடக்கத்தில் சரியாகப் பொருத்தினாலும் ஒரு மணி நேரம் கழித்து அரை நொடி விலகிவிடுகிறது. வீசுகோல் வில்லில் பட்டு எழுந்த பிறகுதான் மணி ஒலிக்கிறது. போதாததற்கு, வீட்டில் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வழியாக முன்னுரை பேசிப் பதிந்தால் நடுநடுவே ‘படக், படக்’ என்று சத்தம்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டால் நல்ல கேமிங் கார்டு ஒன்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

சர்வீஸ் பெஞ்ச்:
கார்டை அப்புறம் பார்க்கலாம். எடிட்டரை ஓடவிட்டு, திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு காட்டுகின்றன என்று எழுதுங்கள். ப்ராக்சி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

வில்லுப்பாட்டு மருமகன்:
மெமரி 7.9இல் 7.5 ஜிபி. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. சிபியு 60க்கும் 90க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ப்ராக்சி என்றால் என்னவென்று தெரியாது, அண்ணா.

சர்வீஸ் பெஞ்ச்:
நினைத்தேன். போனில் எடுத்த 4கே கோப்பு நொடிக்கு 50 மெகாபிட் என்றே வைத்துக்கொள்வோம். அது 6 மெகாபைட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். அப்படியிருக்க டிஸ்க் ஏன் 100இல் நிற்கிறது? ராம் நிரம்பிவிட்டது, மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி, திரும்ப எடுத்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கின் முள் ஓயாமல் அலைகிறது. உங்கள் படம் வரிசையில் காத்துக் கிடக்கிறது.

அதனால் முதல் செலவு ராம். எச்110 போர்டில் இரண்டு ஸ்லாட்தான். அதே 2400 வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் மொத்தம் 16 ஆகும், ராமுக்கும் சிபியுவுக்கும் நடுவே உள்ள இரண்டு பாதைகளும், அதாவது இரண்டு சேனலும், வேலை செய்யும். உங்களுக்குத் தனி கார்டு இல்லை, சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. இரண்டு சேனல் ஆனால் அதற்கும் வழி அகலமாகும். அடுத்து 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது கேபிளில் மாட்டும் வேகமான டிஸ்க். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையும் உண்டு, ஆனால் எச்110 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட்டே இருக்காது. கேபினெட்டைத் திறந்து பார்க்காமல் எம்.2 வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ், கேடென்லைவ், அதன் தற்காலிகக் கோப்புகள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் பழைய பதிவுகள். 2017 டிஸ்க் என்பதால் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கார்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கேடென்லைவ் பெரும்பாலான வேலையைச் சிபியுவில்தான் செய்யும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டர் என்றால் கார்டைப் பிழிந்து வேலை வாங்கும், அங்கே கதை வேறு. எந்த மென்பொருள் என்றுகூடக் கேட்காமல் கார்டு விற்கிறவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

ப்ராக்சி என்பது 4கே கோப்புக்குப் பதிலாக எடிட்டர் தயாரித்து வைக்கும் சின்ன நகல். நீங்கள் வெட்டுவது அதில், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது அசலில். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம், காசு கிடையாது. இன்றைக்கே செய்யுங்கள்.

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
தம்பி, சத்தம் விலகுவதற்குக் கம்ப்யூட்டர் காரணமில்லை. புது மெஷின் வாங்கினாலும் விலகும்.

போன் கேமரா 30 பிரேம் என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் குறைந்தால் 24, 28 என்று தன் இஷ்டத்துக்கு எடுக்கும். கொடை நடப்பதோ ராத்திரியில். பாதி எடிட்டர்கள் இந்த மாறும் பிரேம் வேகத்தில் தடுமாறும். கோப்பை இறக்கியபோது கேடென்லைவ் மாற்றவா என்று கேட்டிருக்குமே?

வில்லுப்பாட்டு மருமகன்:
கேட்டது அண்ணாச்சி. எக்ஸ் அடித்து மூடிவிட்டேன்.

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
அங்கேதான் வந்தது வினை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’, 30 என்று வைத்து மாற்றுங்கள். இந்த மெஷினில் நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ப்ராக்சி அதற்குப் பிறகு. வரிசை மாறினால் எக்ஸ்போர்ட்டில் பழைய கோப்பே வந்து நிற்கும்.

மாற்றிய பிறகும் கொஞ்சம் விலகலாம். போனுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம், இரண்டும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. அந்த விலகல் நேர்கோடாக இருக்கும்: அரை மணியில் இரண்டு பிரேம் என்றால் ஒரு மணியில் நான்கு. கோணல்மாணலாக விலகினால் பிரேம் வேகம்தான் காரணம்.

‘படக்’குக்கு பஃபரைப் பாருங்கள், சத்தத்தைக் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்து வாங்கும் அளவு அது. 64 சாம்பிள் இருந்தால் 256 ஆக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 5.3 மில்லிநொடிதான், வெறும் பேச்சுக்கு ஒன்றுமே இல்லை. பதியும்போது வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

கல்யாண வீடியோ:
எனக்கு இதில் உடன்பாடில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஐ5-7400 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. செத்த போர்டில் எதற்குப் பணம்? போர்டும் சிபியுவும் மாற்றுங்கள். இன்னொன்று, பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் சிப் வேண்டாம். அதில் உள் கிராபிக்ஸ் இல்லை, வீடியோவை வேகமாகக் கையாள அந்த கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க்கும் போய்விடும். நான் அப்படி ஏமாந்தவன்.

சர்வீஸ் பெஞ்ச்:
கல்யாண வீடியோ சொல்வது நியாயம்தான். ஆனால் இப்போது வாங்கும் இரண்டும் வீணாகாது. எஸ்எஸ்டி எங்கும் போகும். இன்டெல் 12ஆம் தலைமுறை சிப்புக்கு டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டுகளும் உண்டு, அதை வாங்கினால் ராமும் கூட வரும். மீதிப் பணத்தை அதற்கு வைத்திருங்கள். கார்டு எண்ணம் மறுபடி வந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் பாருங்கள், கேபினெட்டோடு வந்ததை நம்பிப் பெரிய கார்டு மாட்டக் கூடாது.

வேறு கேள்வி: 4கே அவசியமா? 1080பியில் எடுத்தால் சுமை நாலில் ஒன்றாகும்.

வில்லுப்பாட்டு மருமகன்:
அவசியம் அண்ணா. இருப்பது ஒரே போன். 4கேயில் எடுத்தால்தான் மாமாவின் முகத்துக்கு நெருங்கி வெட்ட முடிகிறது. உடுக்கு அடிப்பவரையும் தனியாகக் காட்டலாம்.

வில்லுப்பாட்டு மருமகன் (பத்து நாள் கழித்து):
ராமும் எஸ்எஸ்டியும் போட்டாயிற்று. முதலில் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியது, பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ராம் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. கழற்றி அழுத்தி மாட்டியதும் சரி. இப்போது ப்ராக்சியுடன் டைம்லைன் தங்குதடையின்றி ஓடுகிறது, மெமரி 10 ஜிபியைத் தாண்டவில்லை. எக்ஸ்போர்ட் மட்டும் இன்னும் ஆமை வேகம்தான். பஃபரை 256 ஆக்கியதும் ‘படக்’ நின்றது, வைஃபையைத் தொடவே இல்லை.

சத்தம் ஒரு மணி நேரத்தில் நான்கு பிரேம் விலகுகிறது, அரை மணியில் இரண்டு. அண்ணாச்சி சொன்ன அதே கணக்கு. இதை என்ன செய்வது?

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
ஒன்றும் செய்ய வேண்டாம். மாமா பாட்டை நிறுத்திக் கதை சொல்லும் இடைவெளியில் ஆடியோவை வெட்டி இரண்டு பிரேம் நகர்த்துங்கள். மணிக்கு இரண்டு வெட்டு போதும். குடம் அடிக்கும் இடத்தில் மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.