சுண்ணாம்புப் பூச்சு இணையதளம்: வருமானத்துக்கு என்ன வழி?

வணக்கம். காரைக்குடியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பார்க்கிறேன். கொத்தனார்களுக்கும் பொறியாளர்களுக்குமாக ஓர் இணையதளம் நடத்துகிறேன். சுண்ணாம்பை எப்படி ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீரை எப்போது சேர்ப்பது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சை வழவழப்பான கல்லால் எப்படித் தேய்ப்பது, கண்ணாடி மேல் வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லை அந்தக் கண்ணாடியிலிருந்து எப்போது பிரிப்பது என்று எல்லாம் படத்தோடு இருக்கிறது.

வருகிறவர்கள் குறைவு, ஆனால் வேலை தெரிந்தவர்கள். விளம்பரம் போட்டுப் பார்த்தேன். கிடைத்தது சில்லறைதான். அதிலும் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பெயின்ட் விளம்பரம்! கொத்தனார்களிடம் கட்டணம் வாங்க மனமில்லை.

ஆத்தங்குடிக் கல் பட்டறைகளிடம் ஆண்டுச் சந்தா வாங்கி, தளத்தில் அவர்களின் முகவரிப் பட்டியல் போடலாமா? கட்டடக் கலைஞர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தலாமா? செய்து பார்த்தவர்கள், எவ்வளவு கட்டணம் வைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.