பணம் போயிடுச்சு, ஆர்டர் பதிவாகல. யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. நேத்து பையன் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பீட்சா நிறுவனத்தோட ஆப்ல ஆர்டர் போட்டேன். யுபிஐல 1,140 ரூபாய் போயிடுச்சு. ஆப் சுத்திக்கிட்டே இருந்து, கடைசியில கார்ட் காலின்னு காட்டுது. ஆர்டர் நம்பரே வரல. அது இல்லாம சாட்ல இருக்கிற பாட் அடுத்த கேள்விக்கே போகமாட்டேங்குது. கடைக்குப் போன் பண்ணா, "ஆப் விஷயம் எங்களுக்குத் தெரியாது சார்"ங்கிறாங்க. பிள்ளை பத்து மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தான், அதுதான் மனசு ஆறல.

2020 மின்வணிக விதிப்படி, புகார் கிடைச்சதுன்னு அந்த நிறுவனத்தோட குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துல பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அவர் விவரம் ஆப்ல எங்க இருக்கும்? நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்துப் பணம் திரும்பக் கிடைச்சவங்க இருக்கீங்களா? பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன். வேற என்ன வேணும்?