வெள்ளைப்படுது, அரிப்பு: எதைப் படிச்சு நம்புறது?

மன்னார்குடி_நடவுக்காரி
அக்காங்களா, மூணு வாரமா வெள்ளைப்படுது, அரிப்பு தாங்கல. மாமியார் உடம்புச் சூடுன்னு வெந்தயத் தண்ணி குடுக்கிறாங்க. மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, நாலு நாள் அடங்கி மறுபடி வந்துடுச்சு. யூடியூப்ல ஒருத்தர் பூண்டை உள்ளே வைக்கச் சொல்றார், இன்னொருத்தர் தயிர்ங்கிறார். சம்பா நடவு, நாள் முழுக்க ஈரப்புடவையோட சேத்துல நிக்கிறேன். அதனாலயா? யார் சொல்றத நம்புறது?

வெண்ணாத்தங்கரை
பூண்டை வச்சுடாதம்மா, புண்ணாயிடும். நான் ஒரு தடவை கிருமிநாசினி கலந்து கழுவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கல.

ரிட்டயர்டு_நர்ஸ்
க்ரீம் டியூப்ல என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், நோய் அப்படியே கிடக்கும்.

வெள்ளைப்படுதல்னு நாம ஒரே பேரு வச்சிருக்கோம், உள்ளே இருக்கறது வேற வேற. தயிர்த்திப்பி மாதிரி கட்டியா வந்து அரிச்சா பெரும்பாலும் காண்டிடா பூஞ்சை. சாம்பல் நிறத்துல தண்ணியா, மீன் வாடை அடிச்சா பாக்டீரியா. மஞ்சளா பச்சையா நுரைச்சா ட்ரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணி, அது உடலுறவுல பரவுறது, வீட்டுக்காரரும் மாத்திரை போடணும். பூஞ்சைக்குக் க்ளோட்ரிமசோல், மத்த ரெண்டுக்கும் மெட்ரோனிடசோல். பூஞ்சை மருந்து மத்த ரெண்டுக்கும் கேக்காது, அந்த ரெண்டோட மருந்து பூஞ்சைக்குக் கேக்காது. எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்னு ஒருத்தர் சொன்னா அந்த வீடியோவ அங்கயே மூடிடு. கடைசியில லேகியம் விக்கிறாரான்னும் பாரு!

படிக்கணும்னா மெட்லைன்பிளஸ், அமெரிக்க அரசோட மருத்துவ நூலகம் நடத்துற வெப்சைட். எப்ப திருத்தினாங்கன்னு தேதி போட்டிருக்கும். இங்கிலீஷ்தான், காலேஜ் படிக்கிற பிள்ளை யாரையாவது வாசிக்கச் சொல்லு. வாய்விட்டுக் கேக்கணும்னா 104, அரசோட மருத்துவ உதவி போன் நம்பர்.

சேறு நேரா நோய் குடுக்காது. ஈரம் நாள் முழுக்க ஒட்டிக்கிடந்தா பூஞ்சைக்குத் தோதுதான். கரையேறினதும் மாத்திக்கோ, உள்ளே சோப்பு போடாதே. அங்க இயல்பாவே புளிப்புத்தன்மை உண்டு, புளிப்பை அளக்கிற பி.எச். கணக்குல 3.8லேர்ந்து 4.5 வரைக்கும். அதுதான் காவல், கழுவக் கழுவப் போயிடும்.

எத்தனை படிச்சாலும் கண்ணால பாத்துப் பேரு சொல்ல முடியாது, சோதிச்சுத்தான் சொல்லணும். அடிவயித்து வலி, காய்ச்சல், கர்ப்பம் இருந்தா இன்னைக்கே போ. திரும்பத் திரும்ப வருதுன்னா சுகரும் பாத்துடு.

பாபநாசம்_ஆளு
வீட்டம்மாவுக்காகக் கேக்கிறேன். பூஞ்சைன்னா நானும் மாத்திரை போடணுமா?

ரிட்டயர்டு_நர்ஸ்
உங்களுக்கு அரிப்போ சிவப்போ இல்லைன்னா பொதுவா வேண்டாம் தம்பி.

மன்னார்குடி_நடவுக்காரி
டியூப்ல க்ளோபெட்டசால்னு இருந்துச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல லேடி டாக்டர் இருந்தாங்க, கூச்சம் அஞ்சு நிமிஷந்தான். பூஞ்சைதானாம், உள்ளே வைக்கிற மாத்திரை குடுத்தாங்க. சர்க்கரை 260! எனக்கு வயசு 34தான். கூட வந்த மாமியாருக்கும் குத்திப் பாத்தாங்க, அவங்களுக்கு என்னைவிடக் கூட.